சேமித்த பணத்தை எங்கே வைப்பது?

ஊரில் அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும் நம் பாட்டிமார் முதலில் செய்த வேலை ஒன்று உண்டு. வந்த நெல்லை அவர்கள் மூன்று பங்காகப் பிரித்தார்கள். அடுத்த அறுவடை வரையில் உண்பதற்கு ஒரு பங்கு. விற்றுத் துணிமணிக்கும் வரிக்கும் வீட்டுத் திருமணத்துக்கும் செலவிட ஒரு பங்கு. அடுத்த பருவத்தில் விதைப்பதற்கு ஒரு பங்கு. திருநெல்வேலிப் பக்கத்தார் குலுக்கை என்றும் மற்றவர் குதிர் என்றும் வழங்கும் கொள்கலத்தில் உணவு நெல் இருக்கும். விதைநெல் தனியே, எளிதில் கை படாத இடத்தில் இருக்கும். எத்தனை இடர் வந்தாலும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு அவர்கள் மனம் ஒப்பியதில்லை.

எழுத்தறியாத அம்மூதாட்டியர் நன்கு அறிந்திருந்த இம்முறையை, மாதச் சம்பளம் வாங்கி மும்பையில் வாழும் நாம் மறந்துவிட்டோம். நம்மவர் சிக்கனத்தில் குறைந்தவர் அல்லர். ஒற்றை அறையில் குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஊருக்கும் பணம் அனுப்பி, மிச்சமும் பிடித்தவர்கள் நம்மிடையே பலர். ஆயினும், மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது என்ற வினா எழும்போது, எவர் சொல் முதலில் காதில் விழுகிறதோ அவர் வழியே போய்விடுகிறோம். இருபது ஆண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் எடுத்த முடிவால் கரைந்துபோனதை நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம்.

அண்மையில் என் நண்பர் ஒருவர் வீட்டில் நடந்த உரையாடல் இதைப் பற்றி எழுதத் தூண்டியது. பெயர் வேண்டா என்ற உடன்பாட்டின்பேரில், அவர் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

நண்பர் தானேயில் ஒரு தொழிற்சாலையில் 34 ஆண்டுகள் ஃபிட்டராகப் பணிபுரிந்தவர். 2025 ஏப்ரலில், தம் 58ஆம் வயதில் ஓய்வு பெற்றார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்த்து அவர் கைக்கு வந்தது 24 லட்சம் ரூபாய். அவ்வளவு பெரிய தொகையை அவர் வாழ்நாளில் ஒருசேரக் கண்டதில்லை. இனி ஒருமுறை காணப்போவதும் இல்லை.

செய்தி பரவிற்று. ஊரிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, பாளையங்கோட்டைக்கு அருகில் மனை ஒன்று விலைக்கு வருகிறது, முன்பணம் அனுப்பினால் முடித்துவிடலாம் என்றார். அந்தேரியில் அலுவலகப் பணி பார்க்கும் மகன், பங்குச் சந்தையைவிடச் சிறந்த இடம் இல்லை என்றான். அண்டை வீட்டார், தாம் பணம் போட்டுள்ள பத்பேடியில் வங்கியைக் காட்டிலும் நூற்றுக்கு மூன்று ரூபாய் கூடுதல் வட்டி கிடைப்பதாகக் கூறினார். காப்பீட்டு முகவர் ஒருவர் இருபதாண்டுத் திட்டம் ஒன்றை அழகிய தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினார்.

நான் சென்றபோது நண்பர் இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, எதில் வட்டி மிகுதி என்று கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவியார் சற்று நின்று கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, எனக்கு வட்டிக் கணக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கே இவர் படுத்துவிட்டால், நான் ஒருத்தியாகப் போய் எடுக்கக்கூடிய பணம் இதில் எது?” என்று வினவினார்.

நண்பர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மையாரின் வினாவிலிருந்தே நாங்கள் மீண்டும் தொடங்கினோம்.

மூன்று கேள்விகள்

ஒரு தொகையை எங்கே வைப்பது என்று தீர்மானிக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். இப்பணம் எப்போது வேண்டும்? வேண்டிய அன்று குறையாமல் கைக்கு வருமா? நான் இல்லாத அன்று என் வீட்டார் அதைப் பெறமுடியுமா? இவற்றுக்கு விடை கண்டபின்னரே வட்டியைப் பற்றிப் பேசவேண்டும்.

ஆனால் குதிரில் நெல்லைக் கொட்டுமுன் அதன் ஓட்டையை அடைக்கவேண்டும் அல்லவா? நண்பருக்கு ஒரு லட்சம் ரூபாய் நகைக்கடன் இருந்தது. வட்டி நூற்றுக்கு 12. அதை அடைத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் மிச்சமாகும். எவ்வித ஐயமுமின்றி நூற்றுக்கு 12 தரக்கூடிய வைப்பு நாட்டில் எங்கும் இல்லை. ஆகவே முதல் லட்சம் கடனுக்குச் சென்றது; அம்மையாரின் நகை வீடு திரும்பிற்று. கடனை வைத்துக்கொண்டே முதலீடு தேடும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

உணவு நெல்: வங்கி

திடீர் நோய், வேலை இழப்பு, ஊரில் ஒரு துக்கம் ஆகியவை நாள் குறித்து வருவதில்லை. குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான தொகை, கேட்ட அன்றே கிடைக்கும் இடத்தில் இருக்கவேண்டும். அதற்கு ஏற்ற இடம் வங்கியே. நண்பர் இதற்கென 3 லட்சம் ஒதுக்கினார். ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில். எஞ்சிய இரண்டு லட்சம் ஐம்பதாயிரம் வீதம் நான்கு நிரந்தர வைப்புகளாக. அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற மூன்றின் வட்டி குறையாது. கணக்கு கணவன், மனைவி இருவர் பெயரிலும், இருவரில் எவரும் எடுக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் பெறலாம் என்ற முறையில் எழுதப்பட்டது. அம்மையாரின் வினாவுக்கு முதல் விடை இதுவே.

வங்கியும் முறிந்தால் என் செய்வது? கேரளத்தில் 1960இல் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. வைப்பாளரைக் காக்கவேண்டிய தேவையை அந்நிகழ்ச்சி நாட்டுக்கு உணர்த்திற்று. 1962 முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரையில்தான் காப்பு. 1993இல் அது ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 லட்சமாகவும் உயர்ந்தது. ஒரு வங்கியில் ஒருவருக்கு உள்ள அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரையில் என்பது இதன் பொருள். ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போடுவதால் காப்பு பெருகாது. வேறு வேறு வங்கிகளில் போட்டால்தான் பெருகும்.

இது ஏட்டளவில் உள்ள செய்தி என்று எவரும் எண்ணவேண்டா. 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது, முதலில் ஒரு கணக்குக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. வரம்பு பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது. அந்நாட்களில் கிளைகளின் வாயிலில் நின்ற முதியோரை இந்நகரம் மறக்காது. அதன்பின், இத்தகைய கட்டுப்பாடு விதிக்கப்பட்டால் காப்பீட்டுத் தொகையை 90 நாட்களில் வழங்கவேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது.

அண்டை வீட்டார் புகழ்ந்த பத்பேடியோ வங்கியே அன்று. அது கூட்டுறவுக் கடன் சங்கம். மேற்கூறிய வைப்புக் காப்பீடு அதற்கு இல்லை. கூடுதலாகக் கிடைக்கும் மூன்று ரூபாய், இந்தக் காப்பை இழப்பதற்கு நாம் பெறும் விலை. சங்கத்தை நடத்துவோர் நல்லவராகவே இருக்கலாம்; ஆனால் ஓய்வுக்காலப் பணத்தை அந்த நம்பிக்கை ஒன்றின்மீது வைப்பது தகாது.

நாள் குறித்த பணம்: அஞ்சலகம்

நண்பரின் மகளுக்கு இரண்டு ஆண்டுகளில் திருமணம் செய்ய எண்ணம். அதற்கு 5 லட்சம். நாள் குறித்துவிட்ட பணத்தைச் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு விடலாகாது. அது அஞ்சலகத்தின் இரண்டாண்டு வைப்பில் இடப்பட்டது. அஞ்சலகச் சேமிப்புக்கு இந்திய அரசே பொறுப்பு. அங்கே 5 லட்சம் என்ற வரம்பு இல்லை. கணக்கை நாட்டின் எந்த அஞ்சலகத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். இன்று மும்பை, நாளை புனே, முதுமையில் ஊர் என்று வாழும் நம்போன்றோர்க்கு இது பெரிய வசதி. ஐந்து ஆண்டு கழித்துப் பிள்ளையின் கல்லூரிக்குப் பணம் வேண்டுவோர் தேசிய சேமிப்புப் பத்திரத்தை நாடலாம்.

அடுத்து மாதச் செலவு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 2004இல் தொடங்கப்பட்டது. 60 வயது நிறைந்தோர்க்கு உரியது. எனினும் 55 வயதைக் கடந்து பணி ஓய்வு பெற்றோர், ஓய்வுத் தொகை கிடைத்த மூன்று திங்களுக்குள் சேரலாம். ஒருவர் 30 லட்சம் வரையில் வைக்கலாம். காலம் ஐந்து ஆண்டு. மூன்று திங்களுக்கு ஒருமுறை வட்டி வரும். நண்பர் தம் மனைவியையும் சேர்த்து, 12 லட்சத்தை இதில் வைத்தார். அவர் சேர்ந்தபோது வட்டி நூற்றுக்கு 8.2. சேர்ந்த நாளில் உள்ள வட்டியே ஐந்து ஆண்டும் தொடரும். அதன்படி மூன்று திங்களுக்கு 24,600 ரூபாய், அதாவது மாதம் 8,200 ரூபாய் வருகிறது. மகன் தரும் தொகையும் சிறிய ஓய்வூதியமும் சேர்ந்து குடும்பம் நடக்கிறது. இவ்வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

விதைநெல்

இங்கே நண்பர் ஓர் ஐயம் எழுப்பினார். “எல்லாவற்றையும் அஞ்சலகத்திலேயே வைத்துவிட்டால் தொல்லை இல்லையே?” என்றார்.

தொல்லை உண்டு. விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 6 வீதம் ஏறுமாயின், இன்று 10,000 ரூபாயில் நடக்கும் குடித்தனத்துக்குப் பன்னிரண்டு ஆண்டில் 20,000 வேண்டும். முப்பது ஆண்டில் 57,000 வேண்டும். அம்மையாருக்கு வயது 54. அவர் எண்பதைக் கடந்து வாழவேண்டும் என்றுதானே விரும்புகிறோம்? மாறாத வட்டியை மட்டும் நம்பியிருப்போர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏழையாகிறார்கள். ஆகையால் முதியவர்க்கும் சிறிதளவு விதைநெல் வேண்டும். மகன் சொன்ன பங்குச் சந்தைக்கு உரிய இடம் இதுவே.

அதன் இயல்பை மறைக்காமல் சொல்லவேண்டும். 2008 ஜனவரியில் மும்பைச் சந்தையின் குறியீட்டெண் 21,000ஐத் தொட்டது. அதே அக்டோபரில் 8,000க்கும் கீழே விழுந்தது. பழைய நிலைக்குத் திரும்ப 2010 இறுதி ஆயிற்று. 2020 ஜனவரியில் 42,000. மார்ச்சில் 26,000க்கும் கீழே. 2024 செப்டம்பரில் 85,000ஐக் கடந்தது. இடையில் அஞ்சி விற்றவர் இழந்தார். பணத்துக்கு அவசரமில்லாதவர் காத்திருந்து பெற்றார். பத்து ஆண்டு தொடவேண்டியிராத பணம் மட்டுமே இங்குச் செல்லலாம்.

எந்தப் பங்கு ஏறும் என்று ஆரூடம் பார்ப்பது நமக்கு ஏலாது. குறியீட்டெண்ணில் உள்ள எல்லாப் பெரிய நிறுவனங்களின் பங்குகளையும் அதே விகிதத்தில் வாங்கிவைக்கும் பரஸ்பர நிதிகள் உள்ளன. அவற்றில் கட்டணம் குறைவு. கட்டணம் சிறிது என்று அசட்டையாக இருக்கலாகாது. ஒரு லட்சம் ரூபாய் நூற்றுக்கு 10 வீதம் வளர்ந்தால் 25 ஆண்டில் 10.8 லட்சமாகும், கட்டணத்தால் அது 9 ஆகக் குறைந்தால் 8.6 லட்சமே. இடைத்தரகரின்றி நேரடியாகச் சேரும் முறை 2013 முதல் உள்ளது. நண்பர் 3 லட்சத்தை மாதம் 12,500 வீதம் இரண்டு ஆண்டில் இவ்வாறு இடுவதென முடிவு செய்தார்.

இளைஞர்க்கு விதைநெல்லின் பங்கு பெரிதாக இருக்கவேண்டும். 1968 முதல் நடந்துவரும் பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரையில் இடலாம். காலம் 15 ஆண்டு. வட்டிக்கு வரி இல்லை. கடன்காரர் நீதிமன்றம் சென்றாலும் அதைப் பற்றுகை செய்ய இயலாது. மாதத்தின் 5ஆம் நாளுக்குள் இட்டால் அம்மாதத்துக்கும் வட்டி உண்டு. மகன் அதில் ஒரு கணக்குத் தொடங்கினான். வேலை மாறும்போதெல்லாம் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவிடும் இளைஞர்களுக்கு ஒரு சொல்: அது விதைநெல்லைக் குத்தி உண்பதேயாகும்.

பொன்னும் மண்ணும்

நம்மவர் உள்ளத்துக்கு மிக நெருங்கியவை இவ்விரண்டும். பொன் துன்பக் காலத்தில் துணை நிற்பது. அடகுக்கு உடனே உதவுவது. ஆயினும் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம். விற்கும்போது அவை திரும்ப வருவதில்லை. விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் உறுதியன்று. 2012இல் பத்து கிராம் ஏறத்தாழ 31,000 ரூபாய். 2018இலும் ஏறத்தாழ அவ்வளவே. 2025இல் அது ஒரு லட்சத்தைக் கடந்தது மெய்தான். ஆனால் ஆறு ஆண்டு அது உறங்கியதையும் நினைவில் வைக்கவேண்டும். அணிவதற்கு வாங்குவதை அணிகலன் என்றே கருதுக.

மனையைப் பற்றி நண்பரே பேசினார். ஊருக்கு ஒருநாள் திரும்புவோம் என்ற ஆசையின் மறுபெயரே நமக்கு மனை. அந்த ஆசை தவறன்று. ஆனால் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மண்ணை எவர் காப்பார்? எல்லைக்கல் நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது. மருத்துவமனையில் பணம் கட்டவேண்டிய அன்று மனையில் ஒரு சதுர அடியை விற்றுவர இயலாது. வாங்கியே தீரவேண்டும் என்போர், உறவினர் சொல்லோடு நில்லாமல் மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டவேண்டும். தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்றை இன்று இருந்த இடத்திலிருந்தே பதிவுத்துறையின் இணையதளத்தில் காணலாம். அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடை விதித்தபோது தவித்தோர் பலர். ஆகவே மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேட்கவேண்டும். மைத்துனர் மனம் நோகாமல், “அடுத்த விடுமுறைக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மாப்பிள்ளை” என்று நண்பர் விடை கூறினார்.

இனிய சொல் கேட்டால்

காப்பீட்டு முகவரின் திட்டத்தையும் பார்த்தோம். குடும்பம் ஒருவரின் வருமானத்தை நம்பியிருக்கும்போது அவர் உயிருக்குக் காப்பீடு இன்றியமையாதது. ஆனால் சேமிப்பையும் காப்பீட்டையும் கலந்த திட்டங்களில் காப்பும் சிறிது, வளர்ச்சியும் சிறிது. மகனைப் போன்றோர்க்கு, குறைந்த கட்டணத்தில் பெருந்தொகைக்குக் கிடைக்கும் கால வரையறைக் காப்பீடே ஏற்றது. 58 வயதில் இருபதாண்டுத் தவணை நண்பருக்குப் பாரமாகுமேயன்றிக் காப்பாகாது.

கூடுதல் வட்டி என்ற சொல்லுக்கு நாம் மயங்கியது இன்று நேற்றன்று. 1906இல் சென்னையில் பெரும்பெயர் பெற்றிருந்த ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து ஆயிரக்கணக்கானோர் பணம் இழந்தனர். அந்தத் துயரத்தின் விளைவாகவே அடுத்த ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றிற்று. 1990களில் தேக்கு மரம். 2012இல் கொங்கு நாட்டில் ஈமுக் கோழி. நண்பரும் தேக்குத் திட்டம் ஒன்றில் 15,000 ரூபாய் கட்டி இழந்தவர். “மரத்தையும் காணவில்லை, கம்பெனியையும் காணவில்லை” என்று இன்று சிரிக்கிறார், அன்று சிரிக்கவில்லை.

சீட்டு முற்றிலும் தீதன்று. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டு பலருக்கு உதவியிருக்கிறது. பதிவு எண் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். 2019இல் இயற்றப்பட்ட சட்டம், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்கிறது. ஆயினும் சட்டம் வந்து சேருமுன் பணம் போய்விடுகிறது.

ஒரு குறிப்பேடு

இறுதியாக, அம்மையாரின் வினாவுக்கே திரும்புகிறேன். பத்து ஆண்டு எவரும் கேளாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் கீழுள்ள நிதி ஒன்றுக்குச் செல்கின்றன. அவற்றைத் தேடுவதற்கு 2023இல் ‘உத்கம்’ என்ற இணையத் தளத்தையே அவ்வங்கி அமைக்கவேண்டியதாயிற்று. அங்கே கிடக்கும் பணத்தில், மனைவி மக்களிடம் சொல்லாமலே மறைந்தவர்களின் உழைப்பு எவ்வளவோ! ஒவ்வொரு கணக்கிலும் நாமினி எனப்படும் நியமனதாரரைக் குறிப்பிடுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கி வைப்புக்கு நால்வர் வரையில் நியமிக்கலாம். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. வாரிசுகளின் உரிமை வேறு. அதற்கு உயில் எழுதிவைப்பதே முறை.

நண்பர் 200 பக்கக் குறிப்பேடு ஒன்று வாங்கினார். எந்த வங்கி, எந்த அஞ்சலகம், எவ்வளவு, எப்போது முதிர்வு, நியமனதாரர் யார் என்று பக்கத்துக்கு ஒன்றாகத் தமிழில் எழுதினார். மறுவாரம் மனைவியாரைத் தனியே வங்கிக்கு அனுப்பி 2,000 ரூபாய் எடுத்துவரச் செய்தார். அந்த அம்மையார் தம் வாழ்நாளில் வங்கியில் பணம் எடுத்தது அதுவே முதல் முறை. திரும்பி வந்தவர் பணத்தை மேசைமேல் வைத்து, “நான்காம் எண் சாளரம். அங்கே இருப்பது நம் நாகர்கோவில் பெண்தான்” என்றார்.

அன்பர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தங்கள் வீட்டிலும் தொடங்குவார்களாக.